காது சோதனையை நிறுத்திய மருத்துவமனைக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் மகப்பேறு மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும் குழந்தைநல மருத்துவர்களுக்கும்,

பிறந்த குழந்தைகளுக்குச் செய்துவந்த காது சோதனையைப் போன ஆடியிலிருந்து நிறுத்திவிட்டீர்கள். எனக்கு இது இந்தத் தை மாதம்தான் தெரிந்தது, அதுவும் என் தங்கைக்கு உங்களிடம் பிரசவமான பிறகு. டிஸ்சார்ஜ் தாளில் எடை, ரத்த வகை, தடுப்பூசி எல்லாம் இருந்தன. காது என்று ஒரு வரி இல்லை. வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப இல்லீங்க்கா, வேணும்னா வெளியில பாத்துக்கங்க" என்றார். மேலாளரிடம் போனேன். அவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "பத்துப் பிள்ளைக்குப் பண்ணுனா ஒண்ணுக்கோ ரெண்டுக்கோ ரெஃபர்னு வருதுங்கம்மா. திருப்பிப் பாத்தா ஒண்ணும் இருக்காது. பிள்ளை பொறந்த சந்தோசத்துல இருக்கறவங்கள எதுக்கு அழ வைக்கோணும்?"

உங்கள் மருத்துவமனையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும். ஆனால் இதை மூடிய கவரில் போட்டு மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு வரவும் எனக்கு மனமில்லை. அழ வைக்கக் கூடாது என்று நீங்கள் ஒதுக்கிய அந்த அழுகையை இரண்டரை வருடம் தாமதமாக அழுதவள் நான்.

2015 அக்டோபரில் என் பெரியவன் உங்களிடம்தான் பிறந்தான். அவனுக்குச் சோதனை நடந்தது. தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் பின் அடித்து வைத்த சின்னத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வலது காது: ரெஃபர். இடது காது: ரெஃபர். யாரும் உட்கார வைத்துப் பேசவில்லை. மறுபடி எப்போது வர வேண்டும் என்று தேதி குறிக்கவில்லை. நானாகக் கேட்டபோது "காதுல தண்ணி இருக்கும், தானா சரியாயிரும்" என்று பதில் வந்தது. ரெஃபர் என்றால் பார்வைக்கு வைத்துக்கொள்ள வேண்டிய தாள் என்று நினைத்து, பத்திரமாக ஃபைலில் வைத்தேன். நான் பி.காம். படித்தவள், நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கே அப்படித்தான் புரிந்தது.

காவிரிக்கரையில் தறி ஓடும் ஊர் நம்முடையது. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருபது தறி, பகலும் இரவும் ஓடும். அந்தச் சத்தத்தில் என் மகன் அசையாமல் தூங்குவான். "தங்கமான பிள்ளை" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். கரண்ட் போய்த் தறி நின்றால் எங்கள் தெருவில் தூங்குகிற குழந்தைகள் எல்லாம் திடுக்கென்று விழித்து அழும். தறிக்காரர் வீட்டுக் குழந்தையை எழுப்புவது அமைதிதான். அவன் மட்டும் விழிக்க மாட்டான். இதை நான் பலமுறை கவனித்தேன். கவனித்தும் அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

அம்மாயி வட்டிலைத் தரையில் போட்டுப் பார்த்தார். திரும்பினான். தரை அதிர்ந்ததற்குத் திரும்பினான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆ, ஊ என்று குரலும் கொடுத்தான். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் கொடுக்குமாம். 'பாபாபா', 'மாமாமா' என்று அசையைக் கோத்துப் பேச வேண்டிய ஏழெட்டு மாத வயதில்தான் வித்தியாசம் தெரியத் தொடங்குமாம். எங்களுக்கு அது தெரியாது. ஒன்றரை வயதில் வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவினோம். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயர். எல்லோரும் நாக்கையே குறை சொன்னோம், காதை ஒருவரும் நினைக்கவில்லை. "உங்க பெரியப்பா நாலு வயசுலதான் பேசுனாரு, இப்ப அவர் வாயை மூட முடியுதா?" என்று வீட்டில் சிரிப்பு வேறு.

வீட்டில் இருப்பவர்கள் அப்படிச் சொல்வது இயல்பு. இரண்டு வயதில் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கொண்டுவந்தபோது "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான் சார்" என்று நான் சொன்னேன். இந்த வார்த்தையைச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, மூணு வயசு வரைக்கும் பாக்கலாம்" என்றார் அவர்.

2018 மார்ச்சில் கோவையில் பெரா டெஸ்ட் எடுத்தோம். தூங்க மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, ஒலிக்கு மூளை நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்ப்பது. இரண்டு காதிலும் மிகக் கடுமையான குறைபாடு. காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் பெண், "பொறந்தப்ப ஸ்கிரீனிங் பண்ணுனாங்களா?" என்று கேட்டார். ஃபைலிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். ரெஃபர் என்றால் சோதனையில் பாஸ் ஆகவில்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்று அர்த்தம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் காது மெஷின் போட்டோம். அது போதவில்லை. 2019 ஜூனில், மூன்று வயது எட்டு மாதத்தில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உட்காதுக்குள் கருவி வைத்துக் காது நரம்புக்கு ஒலியைக் கொண்டுபோகும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் வீட்டை விற்றிருப்போம். அதற்கப்புறம் அந்தக் கருவியை அவனுக்கு ஏற்றபடி சரிசெய்யும் மேப்பிங், கேட்கவும் பேசவும் பழக்க வாரம் மூன்று நாள் தெரபி, தினமும் காலையில் மெஷினை மாட்டியதும் ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலியைச் சொல்லிக் கேட்கிறதா என்று பார்ப்பது. ஏழு வருடமாக எங்கள் வீட்டுச் சுப்ரபாதம் அதுதான். தெரபி மையத்து வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அங்கே படித்ததும் அவன் நோட்டுப் புத்தகத்தில் பார்த்ததும்தான் இனி நான் சொல்லப்போவது.

"மூணு வயசு வரைக்கும் பாக்கலாம்" என்கிறீர்களே, மூளை அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. வயிற்றில் ஆறு ஏழு மாதம் இருக்கும்போதே குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், சப்பும் வேகத்தை மாற்றினால் அம்மா குரல் கேட்கும் என்று ஏற்பாடு செய்தபோது, அம்மா குரலைக் கேட்பதற்காக வேகத்தை மாற்றின என்று 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். உங்கள் வார்டில் துணியில் சுற்றிப் படுக்க வைத்திருக்கிறீர்களே, அந்த வயதுக் குழந்தைகள்தான்.

இன்னொரு ஆய்வு நம் காதுக்கு நெருக்கமானது. 1984இல் கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள 'த', 'ட' ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் பிரித்துக் கேட்டன. பத்து மாதத்தைத் தாண்டி ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளால் பிரிக்க முடியவில்லை. வீட்டில் அந்த வேறுபாடு புழங்கவில்லை, மூளை அதை விட்டுவிட்டது. எது நம் மொழி, எது தேவையில்லாத ஒலி என்று மூளை முதல் பிறந்தநாளுக்குள்ளேயே கணக்கை ஏறக்குறைய முடித்துவிடுகிறது. என் மகனின் மூளையும் அந்த வயதில் கணக்குப் போட்டிருக்கும். வரவுப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் போட்டிருக்கும்.

கேட்பதற்கென்று மூளையில் ஒதுங்கிய இடத்துக்கு ஒலி வரவில்லையென்றால் அந்த இடம் காலியாகவே இருப்பதில்லை, பார்வை போன்ற வேறு புலன்கள் அதை எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்து அனு சர்மா இதைத்தான் பல ஆண்டுகள் அளந்தவர். மூன்றரை வயதுக்குள் இம்ப்ளான்ட் கிடைத்த குழந்தைகளின் மூளை, ஒலிக்குத் தரும் பதிலில் சில மாதங்களிலேயே மற்றக் குழந்தைகளை எட்டிவிட்டது. ஏழு வயதுக்குப் பிறகு கிடைத்தவர்களில் பெரும்பாலோர் எட்டவில்லை. நடுவில் கிடைத்தவர்கள் அப்படியும் இப்படியும். என் மகன் மூன்றரையை இரண்டு மாதத்தில் தவறவிட்டான். ஆய்வுக் கோடு கத்தி மாதிரி வெட்டாது என்று தெரியும். இருந்தாலும் அந்த இரண்டு மாதத்தை நான் விரல் விட்டு எண்ணாத நாள் இல்லை.

எங்கள் தொழிலில் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். பாவு என்ற நீள நூலை ஓட்டாமல் யாரும் ஊடை என்ற குறுக்கு நூலைப் போட முடியாது. முதல் வருடங்களில் காதில் விழுவதெல்லாம் பாவு.

"பள்ளிக்கூடத்தில் படிக்கத் திணறினால் அது வாத்தியார் வேலை, அதற்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்" என்று உங்கள் மேலாளர் கேட்டார். சரி, சம்பந்தத்தைச் சொல்கிறேன்.

என் மகனுக்கு 247 எழுத்தும் தெரியும். வரிசை பிசகாமல் சொல்வான், அழகாக எழுதுவான். வயதுக்கு ஐந்தாம் வகுப்பில் இருக்க வேண்டியவன் நான்காம் வகுப்பில் இருக்கிறான். போன மாதம் 'அணில் மரத்தில் ஏறியது' என்ற வரியைத் தங்கு தடையில்லாமல் வாசித்தான். எனக்குப் பெருமை. "யார் ஏறுனா?" என்று கேட்டேன். "மரம்" என்றான்.

தமிழில் யார், எங்கே, யாருக்கு, யாரால் என்பதெல்லாம் சொல்லின் வாலில் தொங்குகிறது. கடையை, கடையில், கடைக்கு, கடையால். பேசும்போது நாம் சொல்லின் தலையை அழுத்திச் சொல்லிவிட்டு வாலை விழுங்கிவிடுகிறோம். நன்றாகக் கேட்கும் குழந்தை அந்த விழுங்கிய வாலை ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை கேட்டுக் கேட்டுத் தானாகப் பிடித்துக்கொள்கிறது. அவனுக்கு முதல் மூன்றரை வருடம் தலையும் இல்லை, வாலும் இல்லை. பிறகு மெஷின் வந்தபோது தலை கேட்டது. வால் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. வந்தான், வந்தாள், வந்தார் மூன்றுக்கும் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். வீட்டுப் பேச்சில் அதுவும் கரைந்து, 'வந்தான்' என்பதில் மூக்கொலி மட்டும் லேசாக நிற்கும். 'வந்தாள்' என்பதில் அதுகூட இல்லை. இந்த மெல்லிய வேறுபாட்டில் வந்தது அப்பாவா அத்தையா என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள், தலைக்கு மேல் ஃபேன், வெளியே தறி.

டிக்டேஷன் நோட்டைக் கொண்டுவந்து காட்டட்டுமா? 'பழம்' என்று டீச்சர் சொன்னதை ஒரு நாள் 'பலம்', ஒரு நாள் 'பளம்' என்று எழுதியிருக்கிறான். எல்லாப் பிள்ளைகளும் ல, ள, ழ குழப்புவார்கள், எனக்குத் தெரியும், பேப்பர்காரர்களே குழப்புகிறார்கள். ஆனால் மற்றப் பிள்ளைக்குப் பழம் என்ற சொல் தெரியும், எழுத்து மட்டும்தான் குழப்பம். இவனுக்குப் பல இடங்களில் சொல்லே தெரியாது. வாசிப்பது என்பது எழுத்தைக் கூட்டி ஒலியாக்கி, அந்த ஒலிக்கு மனசுக்குள் ஏற்கெனவே இருக்கிற சொல்லைத் தேடி எடுப்பது. கூட்டுவதற்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தரும். தேடி எடுக்க வேண்டிய சொற்களை அதற்கு முன்னால் ஐந்து வருடம் காதுதான் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

அந்தச் சேமிப்பை யாரும் சொல்லித்தருவதில்லை. என் மகனுக்கு ஐந்து வயதில் அவன் அப்பா பெயர் தெரியாது. பள்ளியில் சேர்க்கும்போது கேட்டார்கள், அப்பாவைக் கையால் காட்டினான். எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், அவனுக்கு அடுத்துப் பிறந்த என் மகளுக்கு நான் எப்போது அப்பா பெயரைச் சொல்லிக்கொடுத்தேன்? கொடுக்கவே இல்லை. தறிக்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சீட்டுப் பணம் வாங்க வருபவர் கூப்பிடுவார். அவள் விளையாடிக்கொண்டே கேட்டாள். உப்பு கம்மி, வட்டி ஏறிப்போச்சு, மேட்டூரில் தண்ணி திறந்துட்டாங்க, பெரியம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சில்லை. இவையெல்லாம் அவளிடம் யாரும் சொன்ன பாடம் இல்லை, பக்கத்து அறையிலிருந்து காதில் விழுந்தவை. இவனுக்கு ஒவ்வொரு சொல்லையும் நான் முகத்துக்கு நேரே உட்கார்ந்து கையில் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு நான் எத்தனை கொடுப்பேன்?

பத்தாததற்குப் புத்தகத் தமிழ் வேறு. வீட்டில் 'வந்துட்டாங்க', பாடத்தில் 'வந்துவிட்டார்கள்'. காது கேட்கும் பிள்ளை கதையிலும் டிவி செய்தியிலும் கோயில் மைக்கிலும் அந்த இரண்டாவது தமிழை ஓசியில் கேட்டுக்கொண்டே பள்ளிக்கு வருகிறது. என் மகனுக்கு அது கிட்டத்தட்ட வேற்று மொழி.

என் மகன் போகும் தெரபி மையத்துக்கு ஒரு பெண் குழந்தை வருகிறாள். வேறு ஊர் மருத்துவமனையில் பிறந்தவள். அவளுக்கும் இரண்டு காதும் ரெஃபர்தான் வந்தது. அங்கே இருந்த சிஸ்டர் பதினைந்தாம் நாள் போன் செய்து வரச் சொல்லி மறுபடி பார்த்தார். மூன்றாம் மாதம் பெரா, நான்காம் மாதம் மெஷின், ஒரு வயது இரண்டு மாதத்தில் இம்ப்ளான்ட். என் மகனைவிட இரண்டு வயது சின்னவள். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாசித்து "அடமானம்னா என்னம்மா?" என்று அவள் அம்மாவைப் பிடுங்கி எடுக்கிறாள். பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும், ஒப்பிடக் கூடாது என்று தெரபிஸ்ட் சொல்வார். ஒப்பிடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இது நான் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சொல்வது மட்டும் இல்லை. கொலராடோவிலேயே கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் அவர் குழுவினரும் 150 குழந்தைகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் குறைபாடு கண்டறியப்பட்ட பிள்ளைகளின் மொழி, அதற்குப் பிறகு கண்டறியப்பட்டவர்களுடையதைவிடத் தெளிவாக மேலே நின்றது. குறைபாடு கொஞ்சமா அதிகமா, வீட்டில் வசதி இருக்கிறதா இல்லையா, வாயால் பேசினார்களா சைகையால் பேசினார்களா என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் அதே முடிவு. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று உலகம் முழுக்க ஆடியாலஜிஸ்ட்கள் சொல்லும் 1-3-6 கணக்கு இப்படிப்பட்ட ஆய்வுகளை வைத்து வந்ததுதான். என் மகனுக்கு அந்தக் கணக்கு மாதத்தில் பார்த்தால் 0-29-30. பூஜ்யம் ஏனென்றால் நீங்கள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டீர்கள். எங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சைகை மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களிடம் எல்லோரும் மெஷின், மெஷின் என்றே பேசினார்கள். காது கேளாத பெற்றோரிடம் சைகை மொழியைப் பார்த்து வளரும் குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் வயதிலேயே கையால் மழலை பேசுகின்றன என்று 1991இல் மான்ட்ரியாலில் பெட்டிட்டோவும் மாரென்டெட்டும் காட்டியதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் படித்தேன். மூளை பசித்திருப்பது மொழிக்கு. காது வழியாகக் கொடுக்க முடியாத மூன்றரை வருடம் கண் வழியாகவாவது கொடுத்திருக்கலாம். அதற்கும் முதலில் குழந்தைக்குக் கேட்கவில்லை என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மேலாளர் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். ரெஃபர் வருவதில் பெரும்பாலானவை அடுத்த முறை பாஸ் ஆகின்றன என்பது உண்மைதான். பிறந்த அன்றே பார்த்தால் காதுக் குழாயில் வெண்பூச்சும் நீரும் இருக்கும், ரெஃபர் அதிகம் வரும். ஒன்றிரண்டு நாள் பொறுத்து, குழந்தை பால் குடித்துத் தூங்கும்போது, சத்தமில்லாத அறையில் பார்த்தால் குறையும். சிசேரியன் என்றால் ஐந்து நாள் படுக்க வைக்கிறீர்கள், அதில் ஐந்து நிமிடம் கிடைக்காதா? மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைக்கும்போதும்தான் பெற்றோர் அழுகிறார்கள். அதற்காக மஞ்சள் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்களா? பெற்றோர் பயப்படுவது சோதனையால் இல்லை, புரியாத ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவதால்.

உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒலியைக் கேட்டதும் ஒரு மெல்லிய எதிரொலியைத் திருப்பி அனுப்புகின்றன என்று 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தார். அந்த எதிரொலியைப் பிடிக்கும் ஓஏஈ கருவிதான் உங்கள் ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை, குழந்தை தூக்கம்கூடக் கலைய வேண்டாம். அது இருந்த அறையில் இப்போது பலூன் கட்டி, மூங்கில் தொட்டில் வைத்து, பிறந்த குழந்தைக்கு போட்டோ ஷூட் நடக்கிறது. என் தங்கைக்கும் பேக்கேஜ் விலை சொன்னார்கள். படம் எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அறைதான் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்துகிறதா என்று மேலாளர் கேட்டார். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தில் பிறவிச் செவித்திறன் குறைபாடும் ஒன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. அதெல்லாம் அரசுக்கு, எங்களுக்கு இல்லை என்பீர்கள். இருக்கட்டும். நான் வழக்குப் போட வரவில்லை, நஷ்ட ஈடும் கேட்கவில்லை. கேட்பது இவைதான்.

நிறுத்திய சோதனையை இந்த மாதமே மறுபடி தொடங்குங்கள். பிரசவத்துக்கு வரும் ஒவ்வொரு வீட்டுக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், டிஸ்சார்ஜுக்கு முன் செய்யுங்கள். கருவியை இயக்க ஆள் இல்லையென்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக் கொடுத்து, தேதியோடு அனுப்பி வையுங்கள்.

முடிவைத் தமிழில் எழுதுங்கள். 'இன்னொரு முறை பார்க்க வேண்டும், இந்தத் தேதியில் வாருங்கள்' என்று ஒரு வரி, கீழே ஒரு போன் நம்பர். அதை அம்மாவிடம் மட்டும் சொல்லாமல், பக்கத்தில் நிற்கும் பாட்டியிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஊரில் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர்தான். வராதவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள். தடுப்பூசிக்கு மெசேஜ் அனுப்பத் தெரிந்த உங்களுக்கு இது புதிய வேலை இல்லை.

ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கும், மஞ்சள் மிக அதிகமாகி ரத்தம் மாற்ற வேண்டியிருந்த குழந்தைகளுக்கும் ஓஏஈ மட்டும் போதாது. காது சரியாக இருந்து நரம்பு பதில் சொல்லாமல் இருந்தால் அந்தக் கருவி பாஸ் என்றே காட்டும். அவர்களுக்குப் பெரா எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களிடம் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தக் குழந்தைகளைப் பாஸ் ஆனாலும் விடாமல் தொடர்ந்து பாருங்கள். நாங்களும் சொந்தம்தான், மாமன் மகன். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

குழந்தை மருத்துவர்களுக்குத் தனியாக ஒன்று. எந்த வயதிலும் ஓர் அம்மா வந்து "கூப்பிட்டா திரும்பல" என்று சொன்னால், பொறுத்துப் பார்க்கலாம் என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். அன்றைக்கே காதுக்கு எழுதுங்கள். பிறந்தபோது பாஸ் ஆன பிள்ளைக்கும் பிறகு குறையலாம். காதில் சீழ் வடிந்தும் நீர் கோத்தும் பள்ளியில் பாதி கேட்டுப் பாதி கேட்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் உங்களிடம்தான் காய்ச்சலுக்கு வருகிறார்கள்.

கடைசியாக, இதுதான் அவசரம். மாதம் நூறு பிரசவம் என்று உங்கள் வாசல் பலகையே சொல்கிறது. ஆடி முதல் தை வரை அறுநூறு குழந்தைகள் சோதனை இல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கின்றன. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை பிறவியிலேயே நிரந்தரக் குறைபாடு இருக்கும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் அறுநூறில் ஒரு குழந்தை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆடியில் பிறந்தது என்றால் அதற்கு இந்தத் தையில் ஆறு மாதம் முடிகிறது. பதிவேட்டை எடுத்து, அறுநூறு வீட்டுக்கும் போன் செய்து வரச் சொல்லுங்கள். ஆடியில் பிறந்தவர்களிலிருந்து தொடங்குங்கள். என் தங்கை மகளை நாங்களே பதினாறாம் நாள் வெளியே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டோம், இரண்டு காதும் பாஸ், அவளுக்கு நீங்கள் கூப்பிட வேண்டாம். மீதி 599 எண்களும் உங்களிடம்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
2015 அக்டோபரில் உங்களிடம் பிறந்த ஒருவனின் அம்மா